வாரம் பத்து நிமிடம் ஓடவிட்டும் இறங்கிப்போன பேட்டரி: ஒரு நிகழ்வு ஆய்வு

புது பேட்டரி மாட்டிய 19ஆம் நாள் காலையில் அக்காவின் காரில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிந்தன. பானெட்டுக்குள்ளிருந்து 'டக் டக் டக்' என்று ரிலே (மின்சார சுவிட்ச்) அடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏண்டா, ஞாயித்துக்கிழமைதானே பத்து நிமிஷம் ஓடவிட்டேன்? புது பேட்டரிடா இது!" என்று போனில் சொன்னபோது அவள் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் வண்டி இப்படி நிற்பது மூன்றாவது முறை.

வண்டியின் கதை இதுதான். சின்ன பெட்ரோல் கார், 12 வோல்ட் 45 ஆம்பியர்-மணி பேட்டரி (ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்பியர்-மணி). முன்பு தினமும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் வேலை வீட்டிலிருந்தே என்று ஆன பிறகு, மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வெளியே போகிறது. நிற்கும் வண்டி கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஓடவிடுவாள். அப்படியும் பழைய பேட்டரி இரண்டு முறை இறங்கியது. பட்டறையில் "ஆயுசு முடிஞ்சிடுச்சு, மாத்திடுங்க" என்றார்கள், மாற்றினாள். வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று அங்கே யாரும் அளந்து பார்க்கவில்லை. இந்த வண்டி விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் அதுதான். அரை மணி நேர வேலை அது. முதலிலேயே செய்திருந்தால் பழைய பேட்டரியேகூடப் பிழைத்திருக்கலாம்.

முதல் பரிசோதனை

டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்ததும் 11.6 வோல்ட் காட்டியது. ஈய-அமில பேட்டரியில் ஆறு செல்கள், முழு சார்ஜில் செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். அதனால் சில மணி நேரம் சும்மா கிடந்த நல்ல பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 11.6 என்பது அடிமட்டம். '12 வோல்ட் பேட்டரிதானே, 12 இருந்தால் போதும்' என்று பலர் நினைக்கிறார்கள். 12.0 காட்டும் பேட்டரி முக்கால்வாசி காலி.

நான்கு ஆம்பியர் சார்ஜரில் போட்டு, பகலும் இரவுமாக ஏறக்குறைய 16 மணி நேரம் ஏற்றினேன். பிறகு அரை நாள் சும்மா விட்டு அளந்தால் 12.55. புது பேட்டரி 12.7ஐத் தொட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு முறை அடியோடு இறங்கியதிலேயே கொஞ்சம் போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது. பேட்டரி சார்ஜ் இறங்கும்போது இரண்டு பக்கத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தப் பொடி கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்படியே விட்டால் படிகங்கள் பெருத்து இறுகி, தகட்டின் மேல் ஓடுபோல உட்கார்ந்துகொள்ளும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பகுதி வேலைக்கு வராது. 1859இல் காஸ்டன் பிளான்ட்டே இந்த வகை பேட்டரியை உருவாக்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அதன் பெரிய எதிரி, காலியாகக் கிடப்பதுதான்.

ஸ்டார்ட் ஆனதும், இன்ஜின் ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்த்தேன். ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்திலேயே ஓடும்போது, 14.3 வோல்ட், ஏசியும் முகப்பு விளக்கும் போட்டால் 14.0. சார்ஜ் செய்யும் பக்கம் குறையில்லை. அப்படியானால் வண்டி நிற்கும்போதுதான் எங்கோ கசிகிறது.

கசிவை அளந்த விதம்

இந்த வேலையில் பாதி, காத்திருப்பதுதான். இன்றைய கார்களைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் உடனே தூங்கிவிடுவதில்லை. சில வண்டிகளில் பத்து நிமிடம், சிலவற்றில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அதற்கு முன் எடுக்கும் எந்த அளவும் பொய் சொல்லும்.

அளக்கும்போது பானெட் திறந்திருக்க வேண்டும். ஆனால் வண்டி அது மூடியிருப்பதாக நினைக்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பானெட்டைத் தூக்கிவைத்துவிட்டு, முன்பக்கப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கினேன். 'க்ளிக்' என்று மூடிக்கொண்டது. (வேலை முடிந்து பானெட்டை இறக்கும் முன் அந்தக் கொக்கியை மறக்காமல் விடுவிக்க வேண்டும்.) பிறகு வண்டியைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் தூரமாக வைக்கச் சொன்னேன். சாவியைக் கையில் வைத்திருந்தாலே திறக்கும் வகை வண்டிகளில், சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கக்கூடும்.

மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகினேன். ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறு முனையை நெகட்டிவ் கேபிளின் கிளாம்பிலும் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே கிளாம்பைத் தளர்த்தித் தூக்கினேன். இப்படிச் செய்தால் இணைப்பு ஒரு கணமும் அறுபடாது. கடிகாரம் முதல் கண்ணாடி ஏற்றும் அமைப்பு வரை எதுவும் நினைவை இழக்காது. மீட்டர் இப்படி இருக்கும்போது மட்டும் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரில் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

தொடக்கத்தில் 3.8 ஆம்பியர் ஓடியது. சில நிமிடத்தில் ஒன்றுக்குக் கீழே வந்தது. இருபதாவது நிமிடத்தில் அக்கா ஏதோ ஒரு பையை எடுக்க வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். மீட்டர் 4 ஆம்பியருக்குத் தாவியது. மறுபடி முதலிலிருந்து காத்திருந்தேன். கதவைத் தொடாமல் 25 நிமிடம் போனதும் எண் ஒரே இடத்தில் நின்றது: 0.095. அதாவது 95 மில்லிஆம்பியர்.

பார்த்தால் சின்ன எண்தான். பெரும்பாலான கார்களில் 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை சகஜம். பூட்டு, திருட்டு எச்சரிக்கை, கடிகாரம் எல்லாம் அதற்குள் அடங்கும். இதில் அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 95 மில்லிஆம்பியர் பெருக்கல் 24 மணி, 2.28 ஆம்பியர்-மணி. 19 நாளில் 43. பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 45! இடையில் வந்த இரண்டு ஞாயிறுகளில் கொஞ்சம் திரும்ப ஏறியது, அவ்வளவே. அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் அக்கா பேட்டரிக் கடையைத் திட்டுவதை நிறுத்தினாள்.

குற்றவாளி யார்

என் முதல் சந்தேகம் கண்ணாடியில் ஒட்டியிருந்த டாஷ்கேம் மேல்தான். நிறுத்திய பிறகும் படம் பிடிக்கும் கேமராக்கள் இப்படிப் பேட்டரியைக் குடிப்பது சாதாரணம். ஆனால் இது சிகரெட் லைட்டர் துளையில் செருகியது, அந்தத் துளையோ சாவியை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. அது குற்றமற்றது.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. இன்றைய வண்டிகளில் அப்படிப் பிடுங்கி மறுபடி செருகினால் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்க்கலாம். மின்சாரம் ஓடாத ஃபியூஸில் பூஜ்ஜியம் காட்டும். ஓடினால் மிகச் சிறிய ஒரு எண் வரும். ஃபியூஸ் பெட்டி டாஷ்போர்டுக்குக் கீழே இருப்பதால், கதவைத் திறந்துவைத்து அதன் பூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் மூடிவிட்டு, வண்டி தூங்கும்வரை உள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வரிசையாக பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸில் 0.5 மில்லிவோல்ட். ஃபியூஸ் பெட்டி மூடியில் இருந்த படத்தைப் பார்த்தால் அது வண்டியின் பழுது பார்க்கும் சாக்கெட்டுக்கு, அதாவது ஓபிடி துளைக்குப் போகும் ஃபியூஸ்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து டார்ச் அடித்தேன். அந்தத் துளையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி செருகியிருந்தது, பச்சை விளக்கு மினுக்கியது. மைலேஜை போனில் பார்ப்பதற்காக வாங்கிச் செருகியது. வாங்கியதையே அக்கா மறந்துவிட்டாள். ஓபிடி துளையின் 16ஆவது முள்ளில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரி மின்சாரம் எப்போதும் இருக்கும். கருவி தன் பங்குக்குக் குடிப்பது ஒரு பக்கம், அவ்வப்போது வண்டியிடம் கேள்வி கேட்டு உள்ளே தூங்கும் கம்ப்யூட்டரையும் எழுப்பிவிடும். தினமும் ஓடிய காலத்தில் அது தின்றது வெளியே தெரியவில்லை. அன்றன்றைக்கு ஆல்டர்னேட்டர் ஈடு கட்டிவிட்டது.

அதைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தேன். 28 மில்லிஆம்பியர்.

வேறு வண்டிகளில் வேறு காரணம் இருக்கும். டிக்கியை மூடியும் அணையாத விளக்கு ஒன்று: 5 வாட் பல்பு ஏறக்குறைய 0.4 ஆம்பியர், நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணி, நான்கைந்து நாளில் பேட்டரி காலி. அதைக் கண்டுபிடிக்க போனில் வீடியோ ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினால் போதும். வெளிக் கடையில் மாட்டிய ஸ்டீரியோவுக்கு, சாவியை எடுத்தாலும் அணையாதபடி வயர் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். எல்லா ஃபியூஸும் சுத்தம் என்றால் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கசியலாம். அதன் தடித்த வயரைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும், கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ்வை எடுத்துவிட வேண்டும். பேட்டரியின் மேல்பரப்பில் அமிலமும் அழுக்கும் சேர்ந்த ஈரப் படலம்கூட இரண்டு டெர்மினலுக்கும் இடையே மெல்ல மின்சாரத்தைக் கடத்தும்.

பத்து நிமிட ஐட்லிங் என்ன கொடுக்கிறது?

கருவியைப் பிடுங்கியதோடு கதை முடிந்தது என்றுதான் அக்கா நினைத்தாள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் உண்மையில் எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை வாங்கி வந்து நெகட்டிவ் கேபிளைச் சுற்றி மாட்டினேன். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரிக்குள் 18 ஆம்பியர் போனது. ஐந்தாவது நிமிடத்தில் 10. பத்தாவது நிமிடத்தில் 7. சராசரி 11 என்று வைத்தால் பத்து நிமிடத்தில் 1.8 ஆம்பியர்-மணி.

ஸ்டார்ட் செய்வதற்குத்தான் பேட்டரி எக்கச்சக்கமாகச் செலவழிக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கு அப்படி வராது. 200 ஆம்பியர் இரண்டு விநாடி என்றால் 400 ஆம்பியர்-விநாடி, அது வெறும் 0.11 ஆம்பியர்-மணிதான். அதை ஒரு நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிடலாம். வாரம் முழுக்க நின்றபடி கசிந்ததைத்தான் பத்து நிமிடத்தில் ஈடு கட்ட முடியாது. 28 மில்லிஆம்பியர் என்பது ஆரோக்கியமான வண்டி. அதிலும் வாரத்துக்கு 4.7 ஆம்பியர்-மணி போகிறது. பேட்டரி தானாகவே இழப்பது வாரத்துக்கு இன்னும் 0.4 அளவுக்கு இருக்கும். வெப்பம் ஏறினால் இது அதிகமாகும், ஏறக்குறைய 10 டிகிரிக்கு இரட்டிப்பு. திரும்ப வருவது 1.8. ஆக வாரந்தோறும் 3.3 ஆம்பியர்-மணி நட்டம். ஏழு வாரத்தில் பேட்டரி பாதிக்கு வந்துவிடும், எந்தப் பழுதும் இல்லாமலே.

அதோடு, ஏற ஏற பேட்டரி மின்சாரத்தை வாங்கும் வேகம் குறையும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்பவே பல மணி நேரம் ஆகும். நிற்கும் வண்டியில் குறுகிய ஓட்டங்களால் பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே இருக்கும். அரைகுறையாக இருக்கும் நாளெல்லாம் சல்பேட் இறுகிக்கொண்டிருக்கும். இன்ஜினுக்கும் இது நல்லதல்ல. சூடேறும் முன்பே அணைத்தால் எரிபொருள் ஆயிலில் கலக்கும், புகைக்குழாயில் தண்ணீர் தங்கும். அன்பாகச் செய்த ஒரு காரியம் வண்டிக்கு உதவவில்லை என்பதை அவளிடம் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "அப்போ இவ்வளவு நாள் பண்ணது எல்லாம் வீணாடா?" என்றாள். டயர் ஒரே இடத்தில் அழுந்தாமல் நகர்த்தியதாவது நல்லதுதானே என்றேன். "நான் வண்டியை நகர்த்தவே இல்லையே" என்றாள். சரி, இனி நகர்த்தலாம் என்று முடிவு செய்தோம்.

எடுத்த முடிவு

வண்டி நிற்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தது. அது பெரிய வசதி. தானாகவே கட்டம் கட்டமாக ஏற்றும் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டு, நிரம்பியதும் 13.5 வோல்ட் சுற்றில் வெறுமனே தாங்கிப் பிடிக்கும் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்றை வாங்கினோம். நிரம்பிய பிறகும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் பழைய வகை சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவைத்தால் பேட்டரித் தண்ணீர் வற்றிவிடும். அதை ஒரு இரவுக்கு மேல் நான் நம்ப மாட்டேன்.

ஸ்மார்ட் சார்ஜரை எப்போதும் மாட்டியே வைக்கலாம். அக்காவுக்கு அதில் பயம். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முழு இரவு என்று வைத்தோம். 14 நாளில் போவது ஏறக்குறைய பத்து ஆம்பியர்-மணிதான். ஓர் இரவில் அது நிரம்பிவிடும். பானெட்டைத் திறந்து கிளிப் மாட்டுவது தொல்லையாக இருந்தால் யாரும் இரண்டாம் மாதமே விட்டுவிடுவார்கள். எனவே ஃபியூஸ் வைத்த ஒரு சிறு வயரை நிரந்தரமாகப் பொருத்தி, பிளக்கை முன் கிரில்லுக்குப் பின்னால் கட்டிவிட்டேன். நெகட்டிவ் முனையை பேட்டரி மேல் அல்ல, வண்டி உடலின் உலோகத்தில் முடுக்கினேன். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆவது) உள்ள வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். ஏறும் மின்சாரம் அதன் வழியே போனால்தான் வண்டியின் கணக்கு சரியாக இருக்கும். இந்த வண்டியில் அது இல்லை. இருந்தாலும் அந்த வழக்கம் நல்லது. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கக்கூடியது, ஆகவே தீப்பொறி வரக்கூடிய கடைசி இணைப்பு பேட்டரிக்குத் தள்ளி இருப்பதே பாதுகாப்பு. இடத்தில் காற்றோட்டமும் வேண்டும்.

பிளக் பாயின்ட் இல்லாதவர்களுக்கு சோலார் தகடு ஒரு வழி. சாதாரண வண்டியின் 20, 30 மில்லிஆம்பியர் கசிவை ஈடு கட்ட, நல்ல வெயில் விழும் இடத்தில் 5 வாட் தகடே போதும். கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் அதன் பலன் நிறையக் குறையும். லைட்டர் துளையில் செருகும் வகை என்றால், சாவி இல்லாதபோது அந்தத் துளை உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அக்காவின் வண்டியில் அது செத்த துளை. அங்கே தகடு மாட்டினால் ஒரு துளியும் பேட்டரிக்குப் போகாது. கூரையுள்ள நிறுத்துமிடத்தில் இந்தப் பேச்சே இல்லை.

ஓட்டும்போது முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டச் சொன்னேன். ஐட்லிங் ஞாயிறு நின்றுவிட்டது.

நான்கு மாதத்துக்குப் பிறகு

போனில் தேதியும் வோல்ட்டும் குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். சார்ஜ் போடுவதற்கு முன், பானெட்டைத் திறந்து காலையில் எடுத்த எண்கள்: 12.42, 12.44, 12.40, 12.43, இப்படியே எட்டு முறை. ஒரு தடவை மட்டும் 12.29. ஊருக்குப் போயிருந்ததால் ஒரு முறை சார்ஜ் போடுவதை விட்டிருக்கிறாள். செல்ஃப் ஒருநாளும் தகராறு செய்யவில்லை.

அடுத்த மாதம் அவள் மூன்று மாதம் வெளியூர் போகிறாள். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. 28 மில்லிஆம்பியர் பெருக்கல் 90 நாள் என்றால் 60 ஆம்பியர்-மணி, பேட்டரியைவிட அதிகம். சார்ஜரைத் தொடர்ந்து மாட்டிவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை, அதனால் கேபிளைக் கழற்றிவிடுவதாக முடிவாயிருக்கிறது. முதல் நாள் இரவு முழுவதும் ஏற்றி, காலையில் 10 எண் ஸ்பேனரால் நெகட்டிவ்வை மட்டும் கழற்ற வேண்டும். பாசிட்டிவ்வை முதலில் தொட்டு ஸ்பேனர் வண்டி உடலில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். கழற்றிய கிளாம்ப் தானாக வந்து டெர்மினலில் ஒட்டாதபடி ஒரு துணியைச் சுற்றிவைக்க வேண்டும். மின்சாரம் இல்லாத வண்டியில் ரிமோட் வேலை செய்யாது என்பதால், சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் ஓட்டுநர் கதவு பூட்டித் திறக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தோம். பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி, மூன்றாம் நாள்தான் முழுதாகத் திரும்பியது.